லேபர் என்றால் யாரு? – நோவா இசுமியும் வீரசோழன் கண்மாயும்

2017-ஆம் வருஷம். வீரசோழன் பக்கம் ஒரு கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கியிருந்தது. சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருந்த நேரம் அது. அந்த மரத்தைப் பற்றி அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ரெண்டு வரி: மழையே இல்லாத வருஷத்திலும் பச்சையாக நிற்கும். வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால் வீட்டில் அடுப்பு எரியும். கிருதுமால் நதியில் தண்ணீர் வந்தாலே திருவிழா மாதிரி பார்க்கப் போகிற ஊர்களில், கண்மாய் முழுக்க அதுதான்.

மஞ்சள் வண்டி உள்ளே போய், கையை நீட்டி, ஒரு மரத்தை வேரோடு பிடுங்கிப் போட்டது. பத்துப் பேர் அரிவாளோடு ஒரு நாள் முழுக்கப் பார்க்கிற வேலை அரை மணியில் முடிந்தது. கரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. ஆபரேட்டர் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்து மெதுவாகக் கிட்டப் போனாள்.

"அண்ணே, ஒரு தடவை ஏறி உக்காந்து பாக்கவா?"

"ஏத்தா, இதெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? தள்ளி நில்லு, தூசி பட்டுரும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். ரெண்டு நிமிஷம் கழித்து அவளோடு வந்த பையன் ஒருவனைத் தூக்கி சீட்டில் உட்கார வைத்து, லீவரைப் பிடிக்கச் சொல்லி போட்டோவும் எடுத்தார். அவனுக்கு ஒன்பது வயசு. தூசி அவன் மேலும்தான் பட்டிருக்கும், இல்லையா?

சரி, இந்தக் கதைக்கும் ஜப்பான்காரன் ரோபோ படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

அந்தப் பெண் இப்போது மெக்கானிக்கல் படிக்கிறாள். வகுப்பில் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஹாஸ்டலில் ஒரு ராத்திரி யாரோ சொன்னார்கள் என்று போனில் ஒரு பழைய அனிமே பார்க்க ஆரம்பித்தாள். பேர் 'பாட்லேபர்'. 1988-இல் வந்தது, அவள் பிறப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னால். முதல் நாள் ரெண்டு எபிசோடு என்று ஆரம்பித்து விடியற்காலை வரை போனது. காரணம் சண்டைக் காட்சி இல்லை. அதில் வருகிற நோவா இசுமி என்ற போலீஸ்காரி.

அனிமே பக்கமே போகாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ராட்சத ரோபோவுக்குள் மனிதன் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற கதை வகையைப் பிரபலமாக்கியது 1972-இல் வந்த 'மாசிங்கர் இசட்'. கோ நாகாய் உருவாக்கியது. அதில் கோஜி என்ற பையன் ரோபோவின் தலையில் ஏறி உட்கார்ந்து ஓட்டுவான். அப்போதே ஒரு பெண் பைலட்டும் உண்டு. பேர் சயாகா. அவள் ஓட்டுவது 'அஃப்ரோடைட் ஏ'. பெண் உருவத்தில் செய்த ரோபோ, மார்பில் ஏவுகணை! (சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான்.) அந்த ரோபோ அடிக்கடி அடி வாங்கி உடையும். கோஜி வந்து காப்பாற்றுவான். நம்ம ஊர் சினிமா கதாநாயகி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1979-இல் 'கண்டம்'. அதில் ரோபோ போர் ஆயுதம், பைலட் போர்வீரன். 1995-இல் 'எவாஞ்சலியன்'. அதில் ரெய், அசுகா என்று ரெண்டு பெண்கள், பதினாலு வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு ரோபோவில் ஏறுவதே ஒரு வேதனை. இணையத்தில் பெண் பைலட் என்று தேடினால் முதலில் வருவது இந்த ரெண்டு பேர் படம்தான். நல்ல பாத்திரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைப் பார்த்து யாரும் 'எனக்கும் இந்த வேலை வேண்டும்' என்று சொல்ல மாட்டார்கள்.

நோவாவைப் பார்த்தால் சொல்லத் தோன்றும். வித்தியாசம் அதுதான்.

'பாட்லேபர்' கதையை எழுதி வரைந்து எடுத்தது 'ஹெட்கியர்' என்ற ஐந்து பேர் குழு. இயக்குநர் மமோரு ஓஷி, கதை எழுதிய கசுனோரி இதோ, காமிக்ஸ் வரைந்த மசாமி யூகி, பாத்திரங்களை வரைந்த அகேமி தகாதா, இயந்திரங்களை வரைந்த யுதாகா இசுபுச்சி. 1988-இல் வீடியோவாக வந்து, 1989 முதல் 1990 வரை டிவியில் 47 எபிசோடு ஓடியது. 1989-இலும் 1993-இலும் ரெண்டு சினிமா.

கதை நடப்பது தொண்ணூறுகளின் கடைசியில், டோக்கியோவில். அப்போது அவர்களுக்கு அது எதிர்காலம். டோக்கியோ விரிகுடாவை மண் போட்டுத் தூர்த்து நிலமாக்குகிற பெரிய திட்டம் ஒன்று நடக்கிறது. அந்த வேலைக்குக் கை கால் வைத்த பெரிய பெரிய இயந்திரங்கள் வருகின்றன. பள்ளம் தோண்ட, இரும்புத் தூண் தூக்க, கட்டடம் இடிக்க. அதாவது கால் முளைத்த பொக்லைன்! அந்த இயந்திரங்களுக்கு அவர்கள் வைத்த பேர்தான் 'லேபர்'.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண் போனை நிறுத்திவிட்டுச் சிரித்தாளாம். நம்ம ஊரில் லேபர் என்றால் யார்? "நாளைக்கு எத்தனை லேபர் வரும்?" என்று மேஸ்திரி கேட்டால் என்ன அர்த்தம்? தலையில் சும்மாடு வைத்து சாந்துச் சட்டி சுமக்கிற ஆள் என்று அர்த்தம். பாதி நேரம் அது ஒரு பெண். அந்தக் கதையில் லேபர் என்பது இயந்திரம், அதற்குள் உட்கார்ந்து ஓட்டுவது பெண். ஒரே வார்த்தைதான், ஆனால் அங்கே போனதும் தலைகீழாகிவிட்டது.

லேபர் பெருகினால் லேபரை வைத்துத் திருடுகிறவனும், குடித்துவிட்டு ஓட்டுகிறவனும், கோபத்தில் ஊரை இடிக்கிறவனும் பெருகுவான் அல்லவா? அவர்களைப் பிடிக்க போலீஸில் ஒரு தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். அதற்கும் லேபர் கொடுக்கிறார்கள். போலீஸ் லேபரின் பேர் 'இங்கிராம்'. உயரம் சுமார் 8 மீட்டர், எடை 6 டன். கண்டம் ரோபோ 18 மீட்டர் என்றால் இது அதில் பாதிகூட இல்லை. நம்ம ஊர் மாடி வீட்டு உயரம்தான். விண்வெளிக்கு எல்லாம் போகாது. லாரியில் படுக்க வைத்துத்தான் வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

அதில் ஒன்றை ஓட்டுவது நோவா. வடக்கே ஹொக்கைடோ தீவில் மதுக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். தனி சக்தி எதுவும் கிடையாது. அப்பா விஞ்ஞானி இல்லை, உலகத்தைக் காப்பாற்ற யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. லேபர் பிடிக்கும், லைசன்ஸ் எடுத்தாள், போலீஸில் சேர்ந்தாள், சீட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் கதை!

உட்கார்ந்ததும் முதலில் செய்த வேலை, இயந்திரத்துக்குப் பேர் வைத்தது. அல்ஃபோன்ஸ். சின்ன வயசில் அவள் வளர்த்த நாய்க்கு அந்தப் பேர். அடுத்து வந்த பூனைக்கும் அதே பேர். இப்போது இது மூன்றாவது அல்ஃபோன்ஸ். துடைப்பாள், கழுவுவாள், கொஞ்சுவாள். ஒரு கீறல் விழுந்தால் முகம் வாடிவிடும். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் கிண்டல் பண்ணுவார்கள்.

நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு பொக்லைனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கெட்டில் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற ஊர்தானே இது? லாரிக்குப் பின்னால் பிள்ளைகள் பேரை எழுதுகிற ஆட்கள்தானே நாம்? உழுகிற மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பாட்டன்மார் வீட்டுக்கு வீடு உண்டு. இயந்திரத்தைப் பாசமாகப் பார்ப்பது இங்கே கேலிக்குரிய விஷயமே இல்லை. அந்தப் பாசத்தை ஒரு பெண் காட்ட இடம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அந்த இங்கிராம் ஓட்டுகிறவரின் அசைவைப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவரின் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்கும் வந்துவிடும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனால் நோவாவின் வண்டி வேறு, ரெண்டாவது வண்டி ஓட்டுகிற ஓதாவின் வண்டி வேறு. ஓதா எதற்கெடுத்தாலும் துப்பாக்கியை நீட்டுகிற ஆள். நோவா பார்த்துப் பார்த்து ஓட்டுவாள். பொக்லைன் ஆபரேட்டர்களைக் கேட்டுப் பாருங்கள், இதையே சொல்வார்கள். "எங் கைக்குப் பழகுன வண்டிய அடுத்தவன் தொட்டா எனக்குத் தெரிஞ்சிரும்" என்பார்கள். கைப்பழக்கம் என்பது உட்கார்ந்து ஓட்டினால்தான் வரும். வெளியே நின்று எத்தனை வருஷம் பார்த்தாலும் வராது.

இந்தத் தொடரில் நோவா மட்டும் பெண் இல்லை. முதல் பிரிவின் கேப்டன் நகுமோ ஒரு பெண். நியூயார்க் போலீஸிலிருந்து வருகிற கனுகா கிளான்சி இன்னொருத்தி. அவள் வேலையில் நோவாவைவிடக் கெட்டிக்காரி. ஆனால் கதை ஒரு இடத்திலும் நிறுத்தி, 'பாருங்கள், பெண்ணே ஓட்டுகிறாள்!' என்று மத்தளம் அடிப்பதில்லை. அவர்களுக்கு உள்ள பிரச்சினை எல்லாம் வேறு. ஆபீஸ் ஊருக்கு வெளியே தூர்த்த நிலத்தில் இருக்கிறது, பக்கத்தில் கடை கிடையாது, சாப்பாடு ஒரே ஒரு சீன ஹோட்டலிலிருந்துதான் வர வேண்டும், வண்டி ஏதாவது உடைத்தால் மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். நம்ம ஊர் அரசாங்க ஆபீஸ் மாதிரியே! அதில்தான் அந்தத் தொடரின் ருசி.

முதல் சினிமாவில் லேபர்களின் மென்பொருளில் ஒருவன் வைத்துவிட்டுப் போன வினையால் இயந்திரங்கள் தாமாகவே வெறி பிடித்து ஆடும். கடைசியில் நோவாவின் அல்ஃபோன்ஸை ஒரு புது மாடல் லேபர் போட்டு நொறுக்கும். அப்போது அவள் வண்டியை விட்டு வெளியே வந்து, அந்த இயந்திரத்தின் மேல் ஏறி, கையில் இருக்கிற துப்பாக்கியால் சுட்டு நிறுத்துவாள். பாசம் வைத்த வண்டி உடைகிறது, ஆனாலும் வேலை முடிய வேண்டும். அழுதுகொண்டு உட்காரவில்லை.

ரெண்டாவது சினிமா இன்னும் ஒரு படி மேலே. அதில் நோவாவுக்கு வயசு கூடியிருக்கும். புது லேபர்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பாள். ஒரு நெருக்கடி வரும்போது, காலம் முழுக்க லேபரைப் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற சின்னப் பெண்ணாகவே இருக்க விருப்பம் இல்லை என்கிற மாதிரி ஒன்று சொல்வாள். ஆசை வேறு, பொறுப்பு வேறு. ஆசைப்பட்டு ஏறியவள் பொறுப்போடு இறங்குகிற இடம் அது. ராட்சத ரோபோ கதைகளில் ஒரு பெண் பாத்திரத்துக்கு இப்படி வயசுக்கு வரும் வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

இனி திரும்பவும் நம்ம கண்மாய்க்கு வருவோம்.

ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்த அந்தப் பெண் ஒரு நாள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அம்மா நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் கூடையும் எடுத்துப் போன ஆள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"அந்த வண்டி வந்தா நமக்கு வேல இல்லத்தா. அதப் போயி கொஞ்சுறியா நீ?"

இதற்கு என்ன பதில்? சும்மா ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே, ஆட்களின் வேலையைப் பறிக்கிற இயந்திரத்தைக் கூடியவரை பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் பெண்கள். ஆக, பொக்லைன் வராத இடத்தில்தான் அம்மாக்களுக்குக் கூலி. அந்த அம்மா இயந்திரத்தை எதிரியாகப் பார்ப்பதில் தப்பே இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இயந்திரம் வேண்டாம் என்று சொன்னது ஒரு திட்டத்தில்தான். கருவேலம் பிடுங்க வந்தது, கண்மாய் தூர்வார வந்தது, ரோடு போட வந்தது, வீட்டுக்கு வானம் தோண்ட வந்தது. வந்த இடத்தில் எல்லாம் கூடை சுமந்த பெண்ணின் வேலை போனது. சீட்டில் வந்து உட்கார்ந்தது ஒரு ஆண். கூலி கூடுதலான வேலை, வெயிலுக்குக் கூரை உள்ள வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. பெண்ணுக்குப் போன வேலை ஒன்று, ஆணுக்கு வந்த வேலை ஒன்று. கணக்கு அதுதான்.

கட்டட வேலையிலும் இதே கதைதான். சித்தாளாகப் போகிற பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாளாகப் போகிற பெண் முப்பது வருஷம் கழித்தும் சித்தாளாகவே திரும்பி வருவாள். கொத்தனாருக்குக் கலவை எந்தப் பதத்தில் வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் கரண்டி அவள் கைக்கு வராது. அவளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்வதும் இல்லை. "தூசி பட்டுரும், தள்ளி நில்லு" என்று அக்கறையாகச் சொல்லிவிடுவார்கள்.

நோவா கதை என்பதால் கற்பனை என்று தள்ளிவிடலாம். சரி, கற்பனையை விட்டுவிடுவோம். தமிழ்நாடு போலீஸில் பெண்கள் சேர்ந்தது 1973-இல், இருபதுக்குக் கொஞ்சம் மேற்பட்ட பேர்தான் முதலில். 1992-இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் வந்தது. 1993-இல், அதாவது பாட்லேபர் ரெண்டாவது சினிமா வந்த அதே வருஷம், கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற பெண் அரசு பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். தமிழ்நாட்டு அரசு பஸ்ஸுக்கு முதல் பெண் டிரைவர் அவர்தான். 2017-இல்தான் ஓய்வு பெற்றார். அதாவது வீரசோழன் பக்கத்துக் கண்மாயில் ஒரு சின்னப் பெண்ணிடம் 'தள்ளி நில்லு' என்று சொன்ன வருஷத்தில், நாகர்கோவில் பக்கம் ஒரு பெண் கால் நூற்றாண்டு பஸ் ஓட்டி முடித்து வீட்டுக்குப் போகிறார். ரெண்டும் ஒரே தமிழ்நாடுதான்.

அப்படியென்றால் தடை எங்கே இருக்கிறது? சட்டத்தில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், கனரக வண்டிக்கு லைசன்ஸ் வேண்டுமானால் முதலில் இலகுரக வண்டி லைசன்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆணாக இருக்க வேண்டும் என்று ஒரு இடத்திலும் இல்லை. தடை சீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆபரேட்டராகப் பழக வேண்டுமென்றால் யாரோ ஒரு அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்து, ராத்திரி பகல் கூட வைத்து, வண்டியைக் கழுவ விட்டு, அப்புறம் லீவரைக் கொடுக்க வேண்டும். கிளீனராகப் போகாதவர் டிரைவர் ஆவது கஷ்டம். பெண் பிள்ளையை யார் கிளீனராகச் சேர்ப்பார்கள்? எந்த வீட்டில் அனுப்புவார்கள்? நோவாவுக்கு அவள் பழகுவதற்கு என்று ஒரு இடம் இருந்தது. அரசாங்கமே வண்டி கொடுத்தது, சம்பளம் கொடுத்தது, வழி சொல்லித்தர ஆள் கொடுத்தது. கற்பனை என்றால் ரோபோ இல்லை, இதுதான் பெரிய கற்பனை!

நோவா நல்ல பாத்திரம் என்பதற்குக் காரணம் அவள் பெரிய வீராங்கனை என்பது இல்லை. அவளைவிடச் சண்டை போடுகிற பைலட்கள் நூறு பேர் உண்டு. வேலை பார்க்கிற இயந்திரத்தில், வேலை பார்க்கிற ஒரு சாதாரணப் பெண்ணை உட்கார வைத்து, அதில் அதிசயம் எதுவும் இல்லை என்று காட்டியதுதான் அந்த ஐந்து பேர் செய்த காரியம். கரையில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

அம்மாவுக்கு அன்றைக்கு மகள் பதில் எதுவும் சொல்லவில்லையாம். போனை எடுத்து ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டினாள். மொழி புரியாது, ஒவ்வொரு வரியாக மகள் சொல்லச் சொல்ல அம்மா பார்த்தார். நோவா பெரிய துணியை வைத்து இங்கிராமைத் துடைக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஒங்க தாத்தா மாட்டக் குளிப்பாட்டுறப்ப இப்பிடித்தான் நிப்பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் புள்ளைக்கு என்ன சம்பளம் குடுப்பாக?" என்று கேட்டார்.

மகள் இந்த லீவில் கார் ஓட்டப் பழகுகிறாள். எல்.எல்.ஆர். போட்டாயிற்று. பணம் கொடுத்தது அம்மாதான். லைசன்ஸ் கைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பிறகு அடுத்தது. அதற்குள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித்தர ஒரு ஆபரேட்டர் அண்ணன் கிடைக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த அண்ணன் யாராவது பொக்லைன் ஓட்டினால், அடுத்த முறை கரையில் ஒரு பெண் பிள்ளை நின்று கேட்கும்போது, அவளையும் ஒரு தடவை ஏற்றி உட்கார வைக்கச் சொல்லுங்கள். தூசிதானே, துடைத்துக்கொள்வாள் :-)